பெயர் போட்டு வந்த மன்னிப்பு

ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவன் நான். அவள் பின்னால் அலைந்து தொல்லை கொடுத்தவன் வேறொருவன். அவன்மீது வழக்குப் போட அவளுக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். கெடுத்தவனும் நான்தான்.

கெடுத்ததோடு விட்டேனா? இல்லை. அந்தப் பழியைத் தூக்கி வேறொரு மனிதரின் தலையில் வைத்தேன். இத்தனை வருஷமாக அது அங்கேயே இருக்கிறது. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடமாடுகிறேன்.

இதைப் படிக்கிற நீங்கள் யாரோ, எனக்குத் தெரியாது. ஆனால் உங்களில் சிலராவது என்னிடம் வந்திருப்பீர்கள். சிராங்கூன் ரோட்டுக் கோப்பிக்கடையின் மூலை மேசையில், மாலை ஐந்தரைக்கு மேல், தடித்த சட்டப் புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே, அந்த ஆள்தான். பகலில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் கிராணி, குமாஸ்தா வேலை. மாலையில் ஊராருக்கு மனு எழுதுகிறவன். "கிராணியாரே, இதுக்கு என்ன பிரிவு?" என்று கேட்பீர்கள். எண்ணைச் சொன்னதும் உங்கள் முகம் மலரும். எண் தெரிந்துவிட்டால் நியாயமே கிடைத்துவிட்டது என்று நம் ஜனங்களுக்கு ஒரு நினைப்பு! எனக்கும் அதே நினைப்புத்தான் இருந்தது. உங்களைவிட அதிகமாகவே இருந்தது.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை எழுதியதே போதும்.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்த டிஸ்பென்சரியில் வேலை. டாக்டர் எழுதிக் கொடுக்கிற சீட்டைப் பார்த்து மருந்து கலந்து, புட்டியில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தமிழில் எழுதி ஒட்டித் தருவாள். வீடு செம்பவாங்கில், கடற்படைத் தளத்துக் குடியிருப்பில். அப்பா அங்கே கப்பல் பட்டறையில் சாயம் அடிக்கிறவர். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் பஸ்ஸில் அனுப்ப அவருக்கு மனமே இல்லையாம். ஒரு வருஷம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியிருக்கிறாள்.

அவள் முதல்முறை என் மேசைக்கு வந்தபோது உட்காரக்கூட இல்லை. நின்றபடியே கேட்டாள்.

"அண்ணே, ஒருத்தன் தெனமும் பின்னாடியே வர்றான். அதுக்குச் சட்டம் இருக்கா?"

நான் உட்காரச் சொன்னேன். விஷயத்தை வாங்கினேன். அதே வட்டாரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் முத்தையா என்பவருடைய தம்பி அவன். முதலில் தலைவலி என்று டிஸ்பென்சரிக்கு வந்தான். பிறகு வயிற்றுவலி. பிறகு வலி ஒன்றும் இல்லாமலேயே வந்தான். அவள் வேலை முடித்துப் பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் வந்து நிற்பான். அதே பஸ்ஸில் ஏறிப் பின் இருக்கையில் உட்கார்ந்து, காதோரம் குனிந்து, அசிங்கமாகப் பேசுவான். குடியிருப்புக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிப் போவான். நாலு மாதம்! இரண்டு முறை வழியை மறித்திருக்கிறான். கடைசியாக, "நீதான் என்னை வரச் சொன்னேன்னு உங்கப்பன்கிட்ட வந்து சொல்லுவேன்" என்றிருக்கிறான்.

அவள் போலீஸுக்கும் போய்ப் பார்த்துவிட்டாள். அங்கே இருந்த சார்ஜெண்ட் கேட்ட முதல் கேள்வி, "கை வெச்சானா?" என்பது. இல்லை என்றாள். "அப்ப இது நாங்க புடிக்கிற கேசு இல்லம்மா. நேரா மாஜிஸ்ட்ரேட்கிட்ட போயி மனு கொடு" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. சட்டம் அப்படித்தான் இருந்தது. சில குற்றங்களுக்கு அவர்களே பிடித்து வரலாம். சிலவற்றுக்குப் பாதிக்கப்பட்டவரே நீதிமன்றப் படியேற வேண்டும்.

எனக்கோ உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது! வெட்கத்தோடு சொல்கிறேன். ஒரு பெண் நாலு மாதமாகப் பயந்து செத்துக்கொண்டிருக்கிறாள். நான் என்னவோ பரீட்சைக் கேள்வித்தாளைப் பார்த்த மாணவனைப் போல விரல் விட்டு எண்ணினேன். பெண்ணின் மானத்துக்கு இழுக்கு வரும்படி பேசுவது ஐந்நூற்று ஒன்பது. வழியை மறிப்பது முந்நூற்று நாற்பத்தொன்று. அப்பாவிடம் சொல்வேன் என்று மிரட்டியது ஐந்நூற்றாறில் வரும். கை வைத்திருந்தால் முந்நூற்று ஐம்பத்து நாலு...

"பின்னாடி வர்றதுக்கு, அண்ணே?"

அதற்கு இல்லை. நன்றாக யோசித்துப் பாருங்கள். நாள் தவறாமல் ஒருவன் ஒரு பெண்ணின் பின்னால் வரலாம், அவள் நிற்கிற இடத்தில் நிற்கலாம், அவள் ஏறுகிற பஸ்ஸில் ஏறலாம். வாய் திறக்காமல், கை நீட்டாமல் இருந்தால் போதும். அவனைத் தொட அந்தத் தடித்த புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. வெள்ளைக்காரன் ஆடு திருடினவனுக்குப் பிரிவு எழுதினான், வேலியைப் பிடுங்கினவனுக்குப் பிரிவு எழுதினான். இதை எழுத அவனுக்கு மை தீர்ந்துபோயிற்று போலும்!

அதை அவளிடம் சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டு, "அதெல்லாம் இதிலேயே அடங்கும்" என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

மனு எழுதினேன். நன்றாகவே எழுதினேன் என்று இப்போதும் சொல்வேன். மாஜிஸ்ட்ரேட் அவளைச் சத்தியம் செய்ய வைத்து விசாரித்தார். அவனுக்குச் சம்மன் போயிற்று. அப்பாவுக்கு எதுவும் தெரியாது; டாக்டர் நல்ல மனிதர், அரை நாள் விடுப்புக் கொடுத்தார். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"அவன் ஜெயிலுக்குப் போகணும்னு இல்லண்ணே. மாஜிஸ்ட்ரேட் அவனை நிக்க வெச்சு ஒரு வார்த்தை சொல்லணும். நான் வேலைக்குப் போயிட்டு வரணும். அவ்வளவுதான்."

சம்மன் போன மூன்றாம் நாள் முத்தையா கோப்பிக்கடைக்கு வந்தார். வேர்த்து வடிந்தது அந்த மனிதருக்கு. தம்பியைப் பற்றிக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "தறுதலைங்க அது. நான் என்ன செய்ய? ஜெயில்னு போயிட்டா எங்க வீட்டுப் பொண்ணுங்களை யாரு கட்டுவா? நீங்கதான் எப்படியாவது ராஜி பண்ணிவிடணும்" என்றார்.

ராஜி என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இம்மாதிரிக் குற்றங்களில் அந்தப் பெண்ணே மாஜிஸ்ட்ரேட் முன்னால் போய், "நாங்கள் சமாதானமாகிவிட்டோம்" என்று சொன்னால் போதும். வழக்கு முடிந்தது. எதிரி விடுதலை, குற்றமே செய்யாதவன் மாதிரி வெளியே நடந்து போகலாம். இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் நான் அவளுக்கு விளக்கவில்லை. மற்றதை எல்லாம் விளக்கினேன். சாட்சிக் கூண்டில் ஏறி அவன் காதோரம் சொன்ன வார்த்தைகளை அத்தனை ஆண்கள் முன்னால் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சத்தமாகச் சொல்வார், எதிர் வக்கீல் குறுக்கே கேட்பார்... இதையெல்லாம் விளக்கி, அவள் முகம் வெளிறுவதைப் பார்த்துக்கொண்டே, "அதுக்குப் பதிலா பேப்பர்ல பகிரங்க மன்னிப்பு வாங்கித் தர்றேன்" என்றேன்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? சங்கத் தேர்தலில் ஒருவனை ஒருவன் ஏசினாலும், கோயில் கூட்டத்தில் செருப்பைக் கழற்றினாலும், முடிவில் தமிழ்ப் பத்திரிகையில் கட்டம் கட்டி ஒரு மன்னிப்பு விளம்பரம் வந்தால்தான் சண்டை தீர்ந்ததாக அர்த்தம். செய்தியைப் படிக்காதவன்கூட அதைப் படிப்பான். அந்த விளம்பரங்களில் பாதிக்கு மேல் நான் எழுதியவை. எழுதுவதில் எனக்கு ஒரு பேர் இருந்தது.

அவள் முன்னாலிருந்த கோப்பி ஆறிப்போயிற்று. பிறகு சொன்னாள்.

"சரிண்ணே. நீங்க சொன்னா சரியா இருக்கும். ஆனா பேப்பர்ல எம் பேரு வரக்கூடாது. எங்கப்பா பேரும் வரக்கூடாது. நேவல் பேஸ்ல ஒருத்தர் படிச்சா போதும், நூறு பேருக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் அப்பா என்னை வாசப்படி தாண்ட விடமாட்டாரு."

"அதை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். மறந்துபோய்ப் போட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறக்கவில்லை. யாரும் என்னை வற்புறுத்தவும் இல்லை. முத்தையாவே, அந்தத் தறுதலையின் அண்ணனே சொன்னார்: "பொண்ணு பேரு வேணாங்க. நமக்கும் அக்கா தங்கச்சி இருக்கு." எதிர்க்கட்சிக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை!

முதலில் பெயரில்லாமல்தான் எழுதினேன். 'ஒரு பெண்மணியிடம் நான் தகாத முறையில் நடந்துகொண்டதற்காக' என்று வந்தது. படித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. யார் யாரிடம் எதற்காக மன்னிப்புக் கேட்கிறான் என்றே தெரியவில்லை. இதை யார் படித்து, யாருடைய வெற்றி என்று கண்டுகொள்ளப் போகிறார்கள்?

அதுதான் விஷயம். கோப்பிக்கடையில் நாலு பேரிடம் நான் பீற்றிக்கொண்டிருந்தேன். நேவல் பேஸ் பெண் ஒருத்தியின் கேஸ் என் கையில் இருக்கிறது, எதிரியை மண்டியிட வைக்கப் போகிறேன், பாருங்கள் என்று. அவள் பெயர் இல்லாவிட்டால் அந்த விளம்பரம் மொட்டை. அவள் பெயர் இருந்தால் 'ஓ, கிராணியார் எடுத்த கேசா?' என்பார்கள். இதற்காக... இந்த அற்பத்துக்காக!

இரண்டாவது தாளை எடுத்தேன். 'மானமும் மரியாதையும் மிக்க குடும்பத்தில் பிறந்தவரும், கடற்படைத் தளக் குடியிருப்பில் வசிக்கும் திரு. இன்னாருடைய மூத்த புதல்வியும், இன்ன மருந்தகத்தில் பணிபுரிபவருமான செல்வி இன்னார் அவர்களைப் பன்முறை பின்தொடர்ந்தும், பேருந்திலும் பொதுவிடங்களிலும் ஆபாச மொழிகள் கூறியும், அன்னாரின் பெண்மைக்கு ஊறு விளைவித்தமைக்காக...' இன்னார் என்று இருக்கும் இடங்களிலெல்லாம் பெயர்கள் இருந்தன. எதுகை மோனையோடு ஓடியது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்ளாத குறை.

அதை எடுத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். விளம்பரங்களை வாங்குகிறவர் பெரியசாமி என்ற வயதான கிராணி. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"பொம்பளைப் புள்ளை பேரு போடணுமா? வழக்கமா நாம போடறதில்லையே."

"சட்டப்படி போட்டாகணும்" என்றேன்.

சட்டத்தில் அப்படி ஒரு எழுத்துகூடக் கிடையாது. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னதும் பெரியசாமி தாளைக் கம்பியில் குத்தி வைத்தார். நான் படித்தவன், வக்கீல் ஆபீஸ்காரன். சட்டப்படி என்று நான் சொன்னால் யார்தான் மறுப்பார்கள்? நீங்கள் மறுத்திருப்பீர்களா?

மறுநாள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் ராஜி என்றாள். அவன் தலை குனிந்து நின்றான், அண்ணன் அப்படி நிற்கச் சொல்லியிருந்ததால். வெளியே வந்ததும் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னைக்குத்தாண்ணே நிம்மதியா பஸ் ஏறப்போறேன்" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் வந்தது. கட்டம் கட்டி, தடித்த எழுத்தில்.

திங்கட்கிழமை மாலை அவள் அப்பாவோடு கோப்பிக்கடைக்கு வந்தாள். அந்த மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கை முழுக்கச் சாம்பல் நிறச் சாயம். அவர் கத்துவார், மேசையைப் புரட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை. அமைதியாக உட்கார்ந்து, ஏதோ நடந்த கதையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"எங்க குடியிருப்புல ஞாயித்துக்கிழமை ஒருத்தர் பேப்பர் படிப்பாருங்க, எழுத்துத் தெரியாதவங்க எல்லாம் சுத்தி உக்காந்து கேப்போம். நானும் உக்காந்திருந்தேன். என் பேரு வந்துச்சு. நான் வேற யாரோன்னு நெனைச்சேன். அப்புறம் இவ பேரு வந்துச்சு. படிச்சவரு நல்லா படிச்சாருங்க. சரியா காதுல விழலைன்னு ஒருத்தர் கேட்டாரு. மறுபடியும் படிச்சாரு."

நான் கட்டம் கட்டி எழுதிய எதுகை மோனையை, அந்த மனிதர் தன் சக தொழிலாளிகளுக்கு நடுவே, தரையில் உட்கார்ந்து, இரண்டு தடவை கேட்டிருக்கிறார்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணே, பேரு வராதுன்னு சொன்னீங்களே. எப்படிண்ணே வந்துச்சு?"

அவள் குரலில் சந்தேகம் துளியும் இல்லை. அதுதான் என்னைக் கவிழ்த்தது. திட்டியிருந்தால் ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பேன். நம்பிக் கேட்டாள், நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசை எனக்கு வந்துவிட்டது. என்ன பிறவி நான்!

"பேப்பர்காரன் பண்ணின வேலைம்மா" என்றேன். "நான் பேரில்லாமத்தான் எழுதிக் கொடுத்தேன். எங்கேயோ விசாரிச்சு அவனாப் போட்டுட்டான்."

நாக்குக் கூசாமல் வந்தது. இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தைவிடச் சுலபமாக வந்தது.

அவர்கள் மறுநாள் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்க் கேட்கப் போவதாகச் சொன்னார்கள். "போய்க் கேளுங்க, விடாதீங்க" என்று வேறு சொன்னேன். சொல்லிவிட்டு, காலையில் அவர்களுக்கு முன்னால் நான் அங்கே போய் நின்றேன். கதவு திறந்ததும் பெரியசாமியிடம், "நான் கொடுத்த கையெழுத்துத் தாள் ஆபீஸ் ஃபைலுக்கு வேணும்" என்றேன். அவர் கம்பியில் குத்தி வைத்திருந்த தாள்களிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். காரணம் கேட்கவில்லை. அவளுக்கு என் கையெழுத்துத் தெரியும். அவள் மனுவை எழுதியதும் அதே கைதானே. அந்தத் தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தேன். போகிற வழியில் சுக்குநூறாகக் கிழித்துக் கால்வாயில் போட்டேன்.

அன்று அங்கே நடந்ததை வேறொருவர் சொல்லக் கேட்டேன். பெரியசாமி, "கிராணியார் எழுதிக் கொடுத்ததைத்தான் போட்டேம்மா" என்றாராம். தாளைக் காட்டுங்கள் என்றார்களாம். தாள் இல்லை. மானேஜர் வந்து அவரை எல்லோர் முன்னாலும் ஏசினாராம். "அந்த அண்ணன்மேல பழியப் போடாதீங்க, நீங்க நல்லா இருக்கமாட்டீங்க" என்று அவள் மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்துவிட்டு வந்திருக்கிறாள். அதற்கப்புறம் பெரியசாமியை விளம்பர மேசையிலிருந்து எடுத்து, பேப்பர்களைக் கட்டுக் கட்டும் பகுதிக்குப் போட்டுவிட்டார்கள். அந்த வயதில் கயிறும் கையுமாக நின்றார்.

அவர் என்னிடம் வந்து சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. வழியில் பார்த்தால், "பசியாறியாச்சா?" என்பார், எப்போதும் போல. நான் "ஆச்சு, ஆச்சு" என்று வேகமாகக் கடந்துபோவேன். அவர் வாயைத் திறக்காதது எனக்கு வசதியாக இருந்தது. வசதியாக இருந்தது என்பதை நினைத்தால் இன்று என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

அவள் வேலை? அந்த வாரத்தோடு போயிற்று. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, அப்பாதான் நிறுத்திவிட்டார். அப்பாவையும் என்ன சொல்வது? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? 'அவன் அத்தனை நாள் பின்னால் போயிருக்கிறான், இவள் ஏன் சும்மா இருந்தாள்?' என்று கேட்டார்கள். பஸ்ஸில் அவளைப் பார்த்துக் கையை நீட்டிக் காட்டினார்களாம். அந்தத் தறுதலையாவது தனியாகத்தான் வந்தான். என் விளம்பரத்துக்குப் பிறகு ஊரே அவள் பின்னால் வந்தது. ஆறே மாதத்தில், மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். பெண்ணின் பேர் கெட்டுவிட்டது, வந்த இடத்தை விடக்கூடாது என்று. அவன்? கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தான். சட்டத்தின் கணக்கில் அவன் நிரபராதி.

எனக்கு ஒரு கிறுக்குப் பழக்கம் வந்துவிட்டது அப்புறம். அந்தத் தடித்த புத்தகத்தில் எனக்கு ஒரு பிரிவு தேட ஆரம்பித்தேன். நான் செய்தது அவதூறா? எழுதியதெல்லாம் உண்மையாயிற்றே. பெண்ணின் மானத்துக்கு இழுக்கா? அவளைப் புகழ்ந்தல்லவா எழுதினேன்! தடயத்தை அழித்தது குற்றமா? குற்றமே இல்லாத இடத்தில் தடயம் ஏது? ஒன்றும் பொருந்தவில்லை. அவன் செய்ததற்காவது மூன்று எண்கள் இருந்தன. எனக்கு ஒன்றுகூட இல்லை. ஊருக்கெல்லாம் எண் சொல்கிறவனுக்கு எண் இல்லை! புத்தகத்தைத் தூக்கி மூலையில் எறிந்தேன். மறுநாள் எடுத்துத் துடைத்துக் கோப்பிக்கடைக்குக் கொண்டுபோனேன். நீங்கள் வந்து கேட்டீர்கள். நான் சொன்னேன்.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். முதல் மாதம் பயம். முதல் வருஷம் வெட்கம். பிறகு, சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற நியாயம். சொல்லாமலிருப்பதற்கு நியாயம் கண்டுபிடிப்பதில் நான் பெரிய வக்கீல்.

போன மாதம் அவள் வந்தாள்.

வெள்ளைக்காரர்கள் கடற்படைத் தளத்தை மூடிவிட்டுப் போகப்போகிறார்கள் என்று ஆனதும், நம் ஆட்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். அவள் கணவருக்கும் அங்கேதான் வேலை. அவர்களும் ஊருக்குப் போகிறார்கள். அவளுக்கு அது ஊரே இல்லை. அவள் பிறந்தது செம்பவாங்கில். ஏதோ விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டும் என்று ஆபீஸுக்கு வந்தாள். தலையில் அங்கங்கே நரை. முப்பது வயதைச் சற்றே தாண்டியவள். கையில் ஒரு பெண் குழந்தை.

பாரத்தை நிரப்பினேன். அடுத்த வாரம் கப்பல் என்றாள். அப்படியென்றால் இதுதான் கடைசி. இன்று சொல்லாவிட்டால் இனி என்றைக்கும் சொல்லப்போவதில்லை. சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சத்தியமாக முடிவு செய்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "தங்கச்சி, உங்கிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணே, அந்தப் பேப்பர் ஆபீஸ் பெரியவரு செத்துட்டாராமே, தெரியுமா?"

தெரியும். இரண்டு வருஷம் ஆகிறது. நான் சாவுக்குப் போகவில்லை.

"அன்னைக்கு நான் அவரை ரொம்பச் சபிச்சிட்டேண்ணே. நல்லா இருக்கமாட்டீங்கன்னு. அது மனசுல உறுத்திக்கிட்டே கெடந்துச்சு. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி எறக்கி வெச்சிட்டுப் போவோம்னு அவரு வீட்டுக்கு நேத்துப் போனேன். அவரு சம்சாரம் மட்டும் இருந்தாங்க. எனக்கு உங்க வீட்டுக்காரரு இப்படி ஒரு துரோகம் பண்ணினாரு, நானும் வாய்க்கு வந்தபடி சபிச்சிட்டேன், இப்ப அவரை மனசார மன்னிச்சிட்டேன்னு சொன்னேன். அந்தம்மாவுக்கு விஷயமே தெரியாதாம். அவரு வீட்டுல சொல்லவே இல்லையாம். அப்படியே உக்காந்துட்டாங்க. எம் புருஷன் இப்படிப் பண்ணினாரான்னு அழுதாங்க. கடைசியில என் கையைப் புடிச்சிக்கிட்டு, அவருக்காக நான் மன்னிப்புக் கேக்கறேன் தாயின்னு சொன்னாங்க."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் தெளிந்திருந்தது. இத்தனை வருஷப் பாரத்தை இறக்கி வைத்த தெளிவு. குழந்தை என் மேசையிலிருந்த முத்திரைக் கட்டையை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

"நான் பண்ணினது சரிதானேண்ணே?" என்று கேட்டாள்.

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு நிரபராதியின் பெயர் அவர் வீட்டில் மீளும். அந்த அம்மாளின் அழுகை நிற்கும். அப்போது நிறைய யோசித்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. யோசிக்கவே இல்லை. பதில் தயாராக இருந்தது.

"நல்ல காரியம் செஞ்சேம்மா" என்றேன்.